வணக்கம், சேர்மன் சார்

முப்பத்தொரு வருடம் பிரேக் டீச்சர் காரிலேயே வாழ்ந்தார். ஆனால் கார் ஓட்டியது சொற்பம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஸ்டீயரிங் மாணவருக்கு. பக்கத்து சீட்டும் அதன் காலடியில் பொருத்திய இரண்டாவது பிரேக்கும் மட்டும்தான் ஆசிரியருக்கு. அந்த ஒற்றை பிரேக்கை நம்பி அவர் பள்ளிப் பேருந்துகளையும், காய்கறி வண்டிகளையும், ஒருமுறை நகராட்சி நூலகத்தின் முன்வாசலையும் தம் மாணவர்களிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார். பிரேக் மிதிக்கிற கால் மற்றதைவிட ஒரு சுற்று பருத்திருந்தது. ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் காலுக்குக் கடன்பட்டவர்கள்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. இரண்டாவது பிரேக் இல்லாத கார் ஒன்று வேண்டும். நல்ல கார். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது, அல்லது கணவர் மட்டும் உட்காரலாம். அவர் வாய் திறக்கமாட்டார்.

கணவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியின் விண்ணப்பங்களை அவர்தான் நிரப்புவார். படிவம் என்று எதைக் கையில் கொடுத்தாலும் அடிக்குறிப்பு வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். போன வருடம் இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அதிக நேரம் நிற்க முடியாது.

டீச்சர் பார்த்து வைத்தது நான்கு வயதான கருநீல ஸ்போர்ட்ஸ் செடான். விற்கிற நிறுவனத்தார் அதைப் பழைய கார் என்று சொல்வதில்லை. 'ஏற்கெனவே நேசிக்கப்பட்டது' என்பார்கள். வைப்புநிதியை உடைத்து முழுப் பணத்தையும் கட்டிய பிறகு, 'தேர்வு வைபவத்துக்கு வருகை தாருங்கள்' என்று தடித்த அட்டையில் அழைப்பு வந்தது. சாவி கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்து இருவரும் கிளம்பினார்கள்.

கண்ணாடி மாளிகை மாதிரி இருந்தது ஷோரூம். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டால் நமக்கே வெட்கமாக இருக்கும், அப்படி ஓர் அமைதி. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் டேப்லெட்டுடன் வந்து, தம்மைத் தேர்வு ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"இந்த வாகனத்துல மொத்தம் இருபத்தேழு வசதித் தொகுப்பு இருக்கு மேடம்."

"சந்தோஷம்," என்றார் டீச்சர்.

"ஆனா உங்களுக்கு இல்ல."

டீச்சர் புரியாமல் பார்த்தார்.

"முதல் உரிமையாளர் தன்னோட ஆளுமைக்காக அதையெல்லாம் தேர்வு செஞ்சாரு. அவர் போனதும் அதுவும் போயிடுச்சு."

"எங்க போச்சு? சீட்டைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாரா?"

"சேச்சே. சீட் அப்படியே இருக்கு. அதுக்குள்ள சூடு பண்ற கம்பி இருக்கு, காத்து ஊதுற விசிறி இருக்கு. எல்லாம் தூங்குது. நீங்க தேர்வு செஞ்சா எழுந்துக்கும்." ஆலோசகர் டேப்லெட்டைத் தடவினார். "இப்ப பின் ஜன்னலையே எடுத்துக்குங்க. பாதி இறங்குறது அடிப்படை வசதி. முழுசா இறங்குறதுக்கு 'திறந்த வானம்' தொகுப்பு. அப்புறம் எஞ்சின் சத்தம். நம்ம எஞ்சின் ரொம்ப அமைதி. அதனால சத்தத்தை ஸ்பீக்கர்ல கொடுக்கிறோம். கர்ஜனை, இடி, அடக்கமான செல்வம்னு மூணு இருக்கு."

"அடக்கமான செல்வம் எப்படிச் சத்தம் போடும்?"

"அது தேர்வு செஞ்சவங்களுக்குத்தான் கேக்கும் மேடம்."

"இது ஸ்போர்ட்ஸ் கார்தானே? வேகமாவாவது போகுமா?"

"செடான் வந்து அடிப்படை," என்றார் ஆலோசகர், வருத்தத்தோடு. "ஸ்போர்ட்ஸ் தனித் தொகுப்பு."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் காரில் உட்கார்ந்து பார்ப்போம் என்று ஏறினார். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. பஞ்சில் தேன் தடவின மாதிரி ஒரு பெண் குரல் சொன்னது:

"வணக்கம், சேர்மன் சார்."

சொன்ன கையோடு சீட் பின்னால் நகர ஆரம்பித்தது. காரின் முதல் உரிமையாளரான சேர்மன் ஆறடி இரண்டங்குலம் இருந்திருப்பார் போல. டீச்சர் சரியாக ஐந்தடி. சீட் நின்றபோது அவருடைய கால்கள் பிரேக்குக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் ஆடின. முன்னால் நகர்த்தும் பொத்தானைத் தேடி அழுத்தினார். 'இந்த வசதி சேர்மன் அவர்களுக்கு மட்டும்' என்று திரை அறிவித்தது.

"காருக்கு அவர் ஞாபகம் இன்னும் போகல மேடம்," என்று ஆலோசகர் ஜன்னல் வழியாக விளக்கினார். "மறதித் தொகுப்பு எடுத்தீங்கன்னா அவரை மறந்துட்டு உங்களை ஏத்துக்கும்."

"சரி, அந்த ஒண்ணை மட்டும் கொடுங்க."

"தனியாத் தர முடியாது. தையல் நூலோட நிறத்தைத் தேர்வு செஞ்சவங்களுக்குத்தான் மறதி கிடைக்கும். நூல் நிறம் வேணும்னா உட்கூரைத் துணி எடுக்கணும். உட்கூரைக்குக் குடை எடுக்கணும்."

"குடை எதுக்குங்க?"

ஆலோசகர் டேப்லெட்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "காரணம் போடல மேடம்."

இதற்குள் கணவரின் இடுப்பு விண்ணென்று தெறிக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த தோல் சோபாவில் மெதுவாக உட்கார்ந்தார். உடனே எங்கிருந்தோ ஒரு கண்ணாடிக் கதவு திறந்து, நிறுவனத்தின் இயக்குநரே வந்தார். வெள்ளி நரை, மெலிந்த உடம்பு, கோபத்தைக்கூடப் புன்னகையால் காட்டுகிற முகம்.

"சார், மன்னிக்கணும். அது பதினெட்டுத் தொகுப்புக்கு மேல எடுத்தவங்க உட்கார்ற இடம். அடிப்படை வாடிக்கையாளருக்கு அதோ, ஸ்டூல் இருக்கு."

கணவர் எழுந்துவிட்டார். அதுதான் டீச்சரால் தாங்க முடியவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதுகு சாய இடமில்லாத அந்த உயரமான ஸ்டூலைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே இருந்தார்.

"முழுப் பணம் கட்டியிருக்கோம்," என்றார் டீச்சர்.

"காருக்குக் கட்டியிருக்கீங்க," என்றார் இயக்குநர். "மேடம், ஒண்ணு புரிஞ்சுக்கணும். நாங்க கார் விக்கிறதில்ல, ஏக்கத்தை விக்கிறோம். ஏக்கம் தீர்ந்துட்டா எங்க வியாபாரம் முடிஞ்சுபோச்சு. அதனால ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எப்பவும் ஏதாவது ஒண்ணு குறையா இருக்கும்படி கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிறோம். இதுக்குன்னே மேலிடத்துல நாப்பது பேர் வேலை பாக்குறாங்க." பிறகு கோப்பைப் பார்த்தார். "தொழில்னு டிரைவிங் ஸ்கூல் போட்டிருக்கீங்க. ஓ. தப்பா நினைக்காதீங்க, எங்க வாகனம் கத்துக்கிறவங்களுக்கு இல்ல. வாழ்க்கையில வந்து சேர்ந்தவங்களுக்கு."

டீச்சருக்கு முகம் சிவந்தது; பிறகு அந்தச் சிவப்பு அடங்கியது. மாணவர் ஒருவர் வண்டியை நேராகச் சுவரை நோக்கி விடும்போது அவருக்கு வருகிற நிதானம் அது.

"எனக்கு ஒண்ணும் வேணாம். சாவியைக் கொடுங்க."

எதுவும் வேண்டாம் என்பதற்கும் அங்கே ஒரு தொகுப்பு இருந்தது. அதன் பெயர் 'துறவு'. இலவசம்தான், ஆனால் ஏழு இடத்தில் கையெழுத்து. வழக்கப்படி, கார் வெளியே போகும்போது எடுத்த தொகுப்பு ஒன்றுக்கு ஒரு தடவை என்று ஊழியர்கள் கை தட்டுவார்கள். அன்றைக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள், யாரும் தட்டவில்லை. கைப் பழக்கத்தில் ஒருவர் தட்டப்போக, பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். சீட்டின் நுனியில், கணவரின் கோட்டைச் சுருட்டி முதுகுக்குக் கொடுத்து, எஞ்சின் சத்தமே இல்லாமல் டீச்சர் வெளியேறினார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அறுபத்தொரு பக்கம். மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் காலை, காபி குடிக்கும்போது மெல்லச் சொன்னார்:

"ஏம்மா, நாப்பத்தெட்டாவது பக்கத்துல ஒண்ணு போட்டிருக்கான். 'வாடிக்கையாளர் தமது தனித்தன்மையை வெளிப்படுத்தும் எந்த ஒரு சேர்க்கையையும் தம் சொந்தச் செலவில் வாகனத்தின் உள்ளும் புறமும் செய்துகொள்ளலாம். அதை நிறுவனம் பெருமையாகக் கருதும்.' இயக்குநர் கையெழுத்தே இருக்கு."

டீச்சர் காபியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை படிங்க."

அவர் இன்னொரு தடவை படித்தார்.

அன்று மதியமே கார் மெக்கானிக்கிடம் போனது. பக்கத்து சீட்டின் காலடியில் இரண்டாவது பிரேக்கைப் பொருத்தச் சொன்னார் டீச்சர். எந்த பிரேக்கிலிருந்து தப்பிக்க முப்பத்தொரு வருடம் பணம் சேர்த்து வைத்தாரோ, அதையே தம் கையால் இதிலும் மாட்டவேண்டி வந்துவிட்டது. ஆனாலும் மாட்டினார். கூரைமேல் நான்கடி அகலத்தில் மஞ்சள் தகரப் பலகை. முன்னும் பின்னும் ரத்தச் சிவப்பில் எல் போர்டு. இருபக்கக் கதவிலும், 'பிரேக் டீச்சர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. பயந்தவர்களுக்குத் தனிக் கவனம்.' நிறுவனத்தின் வெள்ளிச் சின்னத்தை மட்டும் தொடவில்லை. அது நன்றாகத் தெரியும்படி தினமும் துடைத்து வைத்தார்.

முதலில் ஏறியவர் மருந்துக்கடைக்காரர். இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுகிறவர். ஆனால் ஆறடி உயரம்; சீட் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பொத்தானை அழுத்தினார். "வணக்கம், சேர்மன் சார்," என்றது கார். மருந்துக்கடைக்காரர் அப்படியே சிலையானார். அவரை யாரும் அதுவரை சார் என்றுகூடக் கூப்பிட்டதில்லை.

"டீச்சர், இன்னொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?"

"எத்தனை தடவை வேணாலும் பண்ணுங்க. உங்க கிளாஸ் நேரம்தானே?"

செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காய்கறிக் கடை அம்மா முதுகுக்கு இரண்டு தலையணை கொண்டுவந்து ஏறி, கார் வணக்கம் சொன்னதும், "சொல்லுப்பா, என்ன விஷயம்?" என்று அதட்டலாகக் கேட்டார். எதற்கும் கார் ஓட்டத் தேவையே இல்லாதவர்கள்கூட ஒரு வகுப்புக்காவது பெயர் கொடுத்தார்கள். கணவரின் பதிவேட்டில் இரண்டு மாதத்துக்கு இடம் இல்லை.

பயிற்சிப் பாதையை டீச்சர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அகலமான பொதுச் சாலை, போக்குவரத்து மிதம், ஓரத்தில் நிறுத்திப் பழகத் தோதான இடம். அது ஷோரூமின் கண்ணாடிச் சுவருக்கு நேர் எதிரே அமைந்தது தற்செயல் என்று யார் கேட்டாலும் சொன்னார். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை கருநீல செடான் அங்கே மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் போகும், வரும், குலுங்கும், நடைபாதை ஓரத்தில் சக்கரத்தை உரசும், காரணமில்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும். உள்ளே கார் வாங்க வந்தவர்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு இதையே பார்ப்பார்கள்.

முதல் வாரத்தில் ஒரு மருத்துவர் முன்பதிவை ரத்து செய்தார். அவர் தேர்வு செய்திருந்ததும் கருநீலம். இரண்டாம் வாரத்தில் கருநீலத்தையே பட்டியலில் இருந்து எடுத்தார்கள். வெள்ளை கேட்டு வந்தவர்களும், "எல் போர்டு கார்தானே இது?" என்று ஊழியர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

புதிய மாடலின் அறிமுக விழா வந்தது. சிவப்புக் கம்பளம், வயலின், பூங்கொத்து, மேலிடத்துப் பெரிய மனிதர்கள். இயக்குநர் வாசலில் நின்று, "எங்கள் வாகனம் சாலையில் வரும்போது சாலை தலை வணங்குகிறது," என்று பேசிக்கொண்டிருக்கையில், அவருக்குப் பின்னால் கருநீல செடான் மெல்ல வந்து, வாசலுக்குக் குறுக்கே நின்று, மூன்று தடவை இருமிக் குலுங்கி அடங்கியது. இயக்குநர் பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பளத்தைத் தாண்டி ஓடினார். பின் ஜன்னலைத் தட்டினார். அது பாதி இறங்கியது.

"முழுசா இறக்கு!"

"அது தனித் தொகுப்புங்க," என்றார் டீச்சர், பக்கத்து சீட்டில் இருந்தபடி.

இயக்குநர் பாதி ஜன்னலுக்குள் தலையை விட்டு ஓட்டுநரைப் பார்த்தார். சாம்பல் நிறக் கோட்டு. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தவர், அவருடைய தேர்வு ஆலோசகர்.

"நீயா! உனக்குக் கார் ஓட்டத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"ஆறு வருஷமா இங்க வேலை பாக்குற!"

"நேர்காணல்ல யாரும் அதைக் கேக்கல சார். குடையைச் சேர்த்து விக்கத் தெரியுமான்னுதான் கேட்டாங்க. லீவு நாள்ல கத்துக்கலாம்னு பார்த்தேன். விழான்னு எனக்கு லீவு கொடுத்தது நீங்கதான். என் உயரம் படத்துல சரியா விழலன்னீங்க."

மேலிடத்துப் பெரிய மனிதர்களும் கேமராக்களும் நெருங்கி வந்துவிட்டதை இயக்குநர் கவனிக்கவில்லை. ஆத்திரத்தில் டீச்சர் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"உங்களுக்கு எங்க மேல என்ன பகை? ஓட்டத் தெரியாதவங்க எங்க வாகனத்துல உட்கார்றது பிரச்சினையே இல்ல! எங்க வாடிக்கையாளர்ல முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டத் தெரியாது! ஆனா அவங்க யாரும் அதைப் போர்டு எழுதி மாட்டிக்கிறதில்ல!"

வயலின் நின்றது. அந்த வாசகம் மறுநாள் எல்லாச் செய்தித்தாளிலும் இயக்குநரின் புகைப்படத்தோடு வந்தது. கணவர் அதைக் கத்தரித்து எடுத்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார்.

அடுத்த வாரம் நிறுவனத்தின் 'பெருமைப் பாதுகாப்புத் துறை'யிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தகரப் பலகையை நீள அகலம் அளந்தார்கள். நாற்பத்தெட்டாவது பக்கத்தைக் கணவர் காட்டியதும் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார்கள். மறதித் தொகுப்பை இலவசமாகத் தருகிறோம், நூல் நிறம் தேவையில்லை என்றார்கள். டீச்சர் தலையாட்டவில்லை. பத்துத் தொகுப்பு என்றார்கள். இருபது என்றார்கள். குடையும் உண்டு என்றார்கள்.

"பலகையை இறக்கணும்னா இருபத்தேழும் வேணும். கார் இருக்கிற வரைக்கும் இருக்கணும். யார் கைக்குப் போனாலும் இருக்கணும். எழுதிக் கொடுங்க," என்றார் டீச்சர். "அதை எங்க வீட்டுக்காரர் அந்த சோபாவுல உட்கார்ந்துதான் வாங்குவாரு. உங்க இயக்குநர் நின்னுக்கிட்டே படிச்சுக் காட்டணும்."

அப்படியே நடந்தது. கணவர் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். இயக்குநர் எதிரே நின்று இருபத்தேழு தொகுப்பின் பெயரையும், அவற்றின் விதிமுறைகளோடு, ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். பத்தொன்பதாவதில் கணவர் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் காது மந்தம். முதல்லேருந்து படிக்கிறீங்களா?"

கணவருக்குக் காது நன்றாகவே கேட்கும். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. கல்யாணமான இத்தனை வருடத்தில் இவருக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது அவருக்கே தெரியாது.

ஆலோசகருக்கு வேலை போயிருந்தது. ஆனால் அதற்குள் ஓட்டக் கற்றிருந்தார். இப்போது டீச்சரின் பள்ளியில் இரண்டாவது ஆசிரியர்.

கருநீல செடானிலிருந்து பலகை இறங்கியது, இரண்டாவது பிரேக்கும் போனது. சீட் ஐந்தடிக்கு ஏற்ப முன்னால் வந்தது. எஞ்சினுக்கு டீச்சர் கர்ஜனையை வைத்துக்கொண்டார். சாயங்காலங்களில் தனியாக, எங்கே போகிறோம் என்ற எண்ணமே இல்லாமல், ஊரைச் சுற்றி ஓட்டினார்.

இயக்குநருக்குத்தான் நிம்மதி இல்லை. டீச்சர் தம் வார்த்தையைக் காப்பாற்றினார். ஆனால் ஊரில் இன்னும் ஐந்து பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. வாங்க ஆளில்லாமல் அந்த நிறுவனத்தின் 'ஏற்கெனவே நேசிக்கப்பட்ட' கார்கள் அடிமாட்டு விலைக்கு வந்திருந்தன. ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு வாங்கி எல் போர்டு மாட்டினார்கள். வெள்ளிச் சின்னத்தைக் கண்டாலே மற்ற வண்டிகள் முப்பதடி தள்ளிப் போயின. பெற்றோர் பிள்ளைகளை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம், டீச்சர் கடைவீதி சிக்னலில் நின்றிருந்தார். பக்கத்து வரிசையில் புத்தம் புதிய வெள்ளை செடான், சகல தொகுப்போடும். அதை ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓரம் கட்டியிருந்தார்.

"எல் போர்டு எங்க சார்? பக்கத்து சீட்ல வாத்தியார் எங்க? தனியா எடுத்துட்டு வந்துட்டீங்க?"

"நான் இந்தக் கம்பெனியோட இயக்குநர்!"

"அது இருக்கட்டும். லைசென்ஸ்?"

"அது டிரைவர்கிட்ட இருக்கு. அவன் இன்னைக்கு லீவு."

போலீஸ்காரர் சிரித்துவிட்டு நிமிர்ந்தார். டீச்சரைக் கண்டதும் தொப்பியைச் சரி செய்துகொண்டார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவரிடம் ஓட்டப் பழகியவர்.

"டீச்சர், இவரைத் தெரியுமா? ஓட்டத் தெரியும்னு சாதிக்கிறாரு. நீங்க சொன்னா விட்டுடறேன்."

டீச்சர் ஜன்னலை முழுவதும் இறக்கினார். இயக்குநர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது புன்னகை இல்லை, வெறும் கெஞ்சல்தான். டீச்சர் அவசரப்படவில்லை. பரீட்சையில் மாணவரைப் பார்ப்பதுபோல அவர் கையை, ஸ்டீயரிங்கை, கண்ணாடியை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"தெரியும்ப்பா. ஆனா இவர் ஓட்டி நான் பார்த்ததே இல்லையே. எப்படிச் சொல்றது?"

"இறங்குங்க சார்," என்றார் போலீஸ்காரர்.

சிக்னலில் பச்சை விழுந்தது. டீச்சர் பருத்த காலை பிரேக்கிலிருந்து எடுத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தினார்.